வெண்புள்ளியின் வரலாறும் எங்கள் இரண்டடித் தொட்டியும்

நீளமான பதிவு, ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

பாடசாலைக்கு வரும் பெற்றோரில் பலர் ஆய்வுகூட யன்னலோரம் இருக்கும் மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், தண்ணி இருக்கு, காத்து ஓடுது, மீனெங்க?" போன கிழமை ஒரு பிள்ளையின் வாப்பா, "மீனில்லாத தொட்டிக்கு எதுக்கு கரண்ட் செலவு?" என்று பகிடியாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஜப்பானுக்கும் லண்டனுக்கும் போய்வர வேண்டும், நம்முடைய வன்னிக் காய்ச்சலையும் தொட வேண்டும். நான் ஒரு பிள்ளைக்குச் செய்த அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதலாம் தவணையில் விஞ்ஞான மன்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்தத் தொட்டியை வைத்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், சுமார் 55 லீற்றர். முல்லைத்தீவுக் கடற்கரையில் அள்ளிய தண்ணீரை 20 லீற்றர் கான்களில் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். அடியில் கடல் மணல், மூன்று கற்கள். கொழும்பில் ஒரு கடையில் இரண்டு கோமாளி மீனும் இரண்டு சின்ன நீல மீனும் நானே வாங்கி வந்து, வந்த அன்றே தொட்டியில் விட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு பிள்ளை, "சேர், மீனில உப்புத் தூள் ஒட்டியிருக்கு" என்றது. செட்டையிலும் முதுகிலும் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள். நான்கு நாளில் நீல மீன் இரண்டும் செத்தன. மிஞ்சிய கோமாளி மீன்களைச் சில நிமிடம் நன்னீரில் விட்டு எடுத்து, மறுபடி தொட்டியில் போட்டேன். கொஞ்ச நாளில் புள்ளி மறைந்தது. காலைக் கூட்டத்தில் "நோய் சுகம்" என்று அறிவித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதன்பின் தரம் 9 பையன் ஒருவன், அவனுடைய மாமாவின் கரைவலையில் பட்ட ஒராக் குஞ்சு இரண்டை வாளியில் கொண்டுவந்தான். ஒரா முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று கடலோரத்தார் எல்லோருக்கும் தெரியும். அவன் கையில் குத்து வாங்கியும் சிரித்துக்கொண்டே வந்தான். ஐந்தாம் நாள் இரண்டு ஒராவும் புள்ளியால் நிறைந்தன. ஒன்று செத்தது. பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "இவன் கொண்டு வந்த மீன்தான் நோயைக் கொண்டு வந்தது." சிலர் கண்ணூறு என்றார்கள், அது வேறு. நான் எதுவும் சொல்லவில்லை. உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவன் மன்றத்துக்கு வருவதை நிறுத்தினான். மறுபடி நன்னீர், மறுபடி புள்ளி மறைந்தது, பத்தே நாளில் மூன்றாம் முறையாக வந்தது. ஒரு கோமாளி மீனும் போயிற்று.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இந்த நோயின் கதையைத் தேடி வாசித்தேன். முதல் வாங்கலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

கண்ணாடித் தொட்டியில் கடல் உயிர்களை வளர்ப்பது ஒன்றும் பழைய பழக்கமல்ல. லண்டன் றீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் 1853இல் திறக்கப்பட்டது. பிலிப் ஹென்றி கோஸ் என்பவர் அடுத்த ஆண்டு எழுதிய புத்தகத்தோடு அது ஒரு பைத்தியமாகவே பரவியது. மீனைச் சின்ன இடத்தில் அடைத்ததும் நோயும் கூடவே வந்தது. நன்னீர் மீனில் வரும் வெண்புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணிக்கு 1876இல் ஃபூக்கே என்பவர் பெயர் வைத்தார். கடல் மீனின் வெண்புள்ளியை ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர் 1937இல்தான் விவரித்தார். 1951இல் லண்டனில் E. M. என்ற முதலெழுத்துகளோடு எழுதிய பிரவுன் அதற்கு 'கிரிப்டோகாரியன் இரிற்றன்ஸ்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் கிரிப்டோ என்றால் மறைந்த, காரியன் என்றால் கரு. மறைந்த கரு. இதைவிடப் பொருத்தமாக இந்தப் பிராணிக்கு யாரும் பெயர் வைத்திருக்க முடியாது.

சிகாமாவும் இது நன்னீர் ஒட்டுண்ணியின் கடல்வாழ் தம்பி என்றே எண்ணி, 1961இல் அந்தக் குடும்பப் பெயரிலேயே ஒரு பெயர் கொடுத்தார். பிறகு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் நெருங்கிய உறவே இல்லை என்று தெரிந்தது. ஒரே மாதிரி வாழ்க்கை இரண்டு அந்நியர்களை ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. தரம் 11 பிள்ளைகள் கூர்ப்புப் பாடத்துக்கு இந்த உதாரணத்தை எழுதலாம்.

இடையில் ஒன்று. புத்தளத்தில் நம்மவர்கள் பலர் இறால் பண்ணைகளில் வேலை செய்தார்கள். வெண்புள்ளி என்றதும் அவர்களுக்கு 1996இல் பண்ணைகளைக் காலி செய்த நோய்தான் ஞாபகம் வரும். அது வைரஸ், இறாலுக்கு வருவது. இது பிசிர்களால் நீந்தும் ஒரு கல உயிர், மீனுக்கு வருவது. பெயர் மட்டும்தான் ஒன்று.

இனி இதன் வாழ்க்கை. நாம் மீனில் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, தோலுக்கடியில் புகுந்து மீனைத் தின்று கொழுக்கும் ஒட்டுண்ணி. அங்கே அது மூன்று முதல் ஏழு நாள் வரை இருக்கும். வளர்ந்ததும் தானாகவே மீனை விட்டு இறங்கிவிடும். ஆம், தானாகவே. நாங்கள் கைதட்டிய அந்தச் 'சுகம்' இதுதான். இறங்கியது தொட்டியின் அடியில் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூறு, இருநூறு குஞ்சாகும். கூடு வெடித்ததும் அவை நீந்தி மீனைத் தேடும். ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். அதற்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

கூடு எப்போது வெடிக்கும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சில மூன்றாம் நாளே வெடிக்கும். பெரும்பாலானவை ஒரு கிழமை அளவில். சில நான்கு கிழமை கழித்து. கொலோர்னியும் பேர்ஜஸும் 1997இல் எழுதிய மீளாய்வில் 72 நாள் வரை ஒரு கணக்கு வருகிறது. ஒரே நாளில் கட்டிய கூடுகள்கூட ஒரே நாளில் வெடிப்பதில்லை. ஆகவே எந்த நாளில் மருந்து போட்டாலும் சில தப்பும்.

இன்னொன்றை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவை மீனை விட்டு இறங்குவதும் கூடு வெடிப்பதும் பெரும்பாலும் இருட்டில். விடிவதற்கு முன், நாம் சுபஹுக்கு எழும்பும் நேரத்தில், பல மீன்கள் அடியில் அசையாமல் ஓய்ந்து கிடக்கும்போது குஞ்சுகள் புறப்படுகின்றன. பாடசாலை மணி அடித்து நாங்கள் தொட்டியைச் சுற்றி நிற்கும்போது வேலை முடிந்திருக்கும்.

பெருங்கடலில் இந்த ஒட்டுண்ணி மீன்களைக் கூட்டமாகக் கொல்வது அரிது. இருநூறு குஞ்சு வெடித்தாலும் அந்த விரிந்த தண்ணீரில் ஒன்றிரண்டுதான் மீனைக் கண்டுபிடிக்கும். 55 லீற்றரில் எல்லாமே கண்டுபிடிக்கும். சின்னத் தொட்டிதானே, சுலபம் என்று நினைத்து நான் வைத்தேன். மீனுக்கு அது நேர்மாறு.

இப்போது வன்னிக்கு வருகிறேன்.

எங்கள் மூத்தவர்களிடம் காய்ச்சல் என்றால் ஒரு காலத்தில் ஒரே காய்ச்சல்தான். 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி எழுதிய வன்னிக் கைநூலிலும் காய்ச்சல் வருகிறது. அப்போது அது எப்படிப் பரவுகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டுவிட்டார்கள். ஆனால் ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கு அது எந்த வழியால் போகிறது? 1897 ஓகஸ்டில் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றோஸ் ஒரு நுளம்பின் வயிற்றை வெட்டிப் பார்த்தார். ஒட்டுண்ணியின் மற்ற வீடு அங்கே இருந்தது. நம் தொட்டியின் மணலும் கல்லும் அப்படியான மற்ற வீடுதான். நான் மூன்று மாதமாக மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நுளம்பைக் கண்டும் கதை முடியவில்லை. 1946இல் நாடு முழுவதும் டீடீடீ தெளிக்கத் தொடங்கினார்கள். 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். பதினேழே பேர்! முடிந்தது என்று நினைத்துத் தெளிப்பை நிறுத்தினார்கள். 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். அரசாங்கமே கைதட்டிய காலம் அது, என்னை மட்டும் என்ன சொல்வது?

ஆளின் உடம்புக்குள்ளேயும் ஒரு மறைவிடம் இருந்தது. வைவக்ஸ் வகை மலேரியா ஈரலுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும்பும் என்பதை 1980களின் தொடக்கத்தில்தான் குரோட்டோஸ்கியும் அவருடைய சகாக்களும் நுணுக்குக்காட்டியில் காட்டினார்கள். அதற்காகத்தான் காய்ச்சல் விட்ட பின்னும் 14 நாள் குளிசை. "உடம்பு சுகம், இனி எதுக்கு?" என்று நாலாம் நாளே நிறுத்தியவர்களை எங்கள் எல்லோர் குடும்பத்திலும் தெரியும். என் வாப்பாவும் ஒருவர். மிச்சக் குளிசையை உம்மா அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்திருந்தாவாம்.

கடைசியில் நாடு பொறுமையாகச் செய்தது. நோயாளர் குறைந்த பின்னும் இரத்தம் பார்ப்பதை நிறுத்தவில்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில். அதன்பின் ஒருவருமில்லை என்று காட்டி, 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு வருடமும் 'மீனில்லாத தொட்டி'க்குச் செலவழித்த வருடங்கள்தான், கரண்ட் கேட்ட வாப்பா கவனிக்கவும்.

இந்த மலேரியா வரலாற்றில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 1934, 35இல் இந்த நாட்டில் சுமார் 80,000 பேரைக் கொன்ற பெருந்தொற்று மிகக் கடுமையாக அடித்தது கேகாலை, குருநாகல் பக்கம். எப்போதும் காய்ச்சலோடு வாழ்ந்த உலர்வலயத்தில் அந்தளவு சாவில்லை. காரணம், வருடா வருடம் காய்ச்சல் கண்ட உடம்பு ஓரளவு தாங்கப் பழகியிருந்தது. பழகாத உடம்புதான் விழுந்தது. பிறகு மின்னேரியா போன்ற குடியேற்றங்களுக்கு ஈரவலயத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதுவே நடந்தது.

மீனிலும் அப்படித்தான். வெண்புள்ளி வந்து பிழைத்த மீனுக்குக் கொஞ்சக் காலம் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது. அதன் தோலில் ஓரிரு புள்ளி மட்டும் வரும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் செவுளுக்குள் இருக்கும். பார்க்க ஆரோக்கியமான மீன். அந்தத் தொட்டிக்குள் நோயே காணாத புதிய மீனை விட்டால், வெடிக்கும் கூடு எல்லாவற்றுக்கும் அதுதான் இரை. ஐந்து நாளில் புள்ளியால் நிறையும். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? புதிதாக வந்ததுதான் கொண்டு வந்தது என்பார்கள்.

இதை வாசித்த இரவு, பிள்ளைகள் எழுதிவந்த தொட்டிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஒராக் குஞ்சுகள் வந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை, தரம் 8 பிள்ளை ஒன்று உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: "பெரிய கோமாளி மீன் கல்லில் உடம்பை உரசுது. மூச்சு கெதியா விடுது." உரசலும் கெதியான மூச்சும் புள்ளி தெரியுமுன் வரும் அறிகுறிகள். அந்தப் பக்கத்தின் அடியில் 'பார்த்தேன்' என்று என் கையெழுத்தும் இருந்தது.

அதாவது அவன் வாளியோடு வாசலில் நிற்கும் முன்பே நோய் மறுபடி தொடங்கிவிட்டது. அவன் மீனில் ஒட்டுண்ணி இருந்திருக்கவே முடியாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், கடல் மீன் எதிலும் இருக்கலாம். ஆனால் எங்கள் தொட்டிக்கு முதலில் கொண்டு வந்தது, கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் மீன் வாங்கி வந்து, ஒரு நாள்கூடத் தனியே வைத்துப் பார்க்காமல் கொட்டிய ஆள்தான்.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது இரண்டு. புத்தளத்து மக்கள் எங்களுக்கு இடமும் சோறும் தந்தவர்கள், அதை மறப்பதற்கில்லை. ஆனாலும் முகாமில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, "வடக்கால வந்தவங்க கொண்டு வந்தது" என்று கிணற்றடியில் யாரோ சொன்னதை உம்மா இன்றும் சொல்லுவா. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நான், ஒரு தரம் 9 பிள்ளையின் விஷயத்தில் வாய் மூடி நின்றேன்.

மறுநாள் வகுப்பில் கொப்பியைத் திறந்து இரண்டு திகதியையும் கரும்பலகையில் எழுதி, என் பிழையைச் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்ல சேர்" என்றான். பரவாயில்லை என்ற முகம் அல்ல அது.

சரி, பிறகு என்ன செய்தோம்? இதற்கும் வரலாறு உண்டு. பழைய வைத்தியம் செம்பு. லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில் மூன்று கிழமையாவது வைத்தால் நீந்தும் குஞ்சுகள் சாகும். கூட்டையும், மீனுக்குள் இருப்பதையும் அது தொடாது. அளவு கூடினால் மீன் சாகும், இறாலும் நத்தையும் அதற்கு முன்பே சாகும். கடல் மணலும் கல்லும் செம்பை உறிஞ்சுவதால் அளவைப் பிடித்து வைப்பது பெரும்பாடு. பழைய செப்புக் காசைப் போடச் சொன்ன பெரியவருக்கு நன்றி. அதில் எவ்வளவு கரையும் என்று அளக்க எங்களிடம் ஒன்றுமில்லை, அதனால் போடவில்லை.

அடுத்தது உவர்த்தன்மையைக் குறைப்பது. கடல்நீரைப் பாதிக்கும் கீழாக நீர்த்தால் கூடுகள் சிதைந்துபோகும் என்று 1970, 80களில் கண்டார்கள். மாரியில் நந்திக்கடல் தண்ணீர் எவ்வளவு மாறும் என்று வட்டுவாகல் பக்கம் வலை வீசுபவர்களுக்குத் தெரியும். நம்முடைய களப்பு மீன்களில் பல இந்த மாற்றத்தைத் தாங்கும். ஆனால் 2003இல் தாய்வானில் மிகக் குறைந்த உவர்நீரிலும் இந்த நோய் வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒட்டுண்ணியும் பழகிக்கொள்கிறது.

நாங்கள் எடுத்தது ஏழைகளுக்கு ஏற்ற மூன்றாவது வழி. செங்கடலின் வடமுனையில் எய்லாட் ஆய்வு நிலையத்தில் மீன் வளர்த்த அஞ்சலோ கொலோர்னி 1987இல் எழுதியது. மருந்தே இல்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, நான்கு தடவை, மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றுவது. மீனிலிருந்து இறங்கியவை பழைய தொட்டியில் கூடு கட்டும். கூடு வெடிக்குமுன் மீன் அங்கே இருக்காது. இரண்டு நீலப் பேசின், ஒரு காற்றுப் பம்பி, புதிய கடல்நீர். ஒவ்வொரு முறையும் பழைய பேசினைக் கழுவி வெயிலில் காயவிட்டோம். வன்னி வெயில் இதற்காவது உதவியது. வலையைக்கூட இரண்டு பேசினுக்கும் பொதுவாகப் பாவிக்கவில்லை. மிஞ்சிய ஒரு கோமாளி மீனும் ஒரு ஒராவும் பன்னிரண்டு நாள் இப்படி வீடு மாறின.

இப்போது அவை அந்தப் பையனின் வீட்டு விறாந்தையில், பாதியாக வெட்டிய நீல பரலில் இருக்கின்றன. பொறுப்பு அவனுடையது. அவனே கேட்டு வாங்கினான்.

ஆய்வுகூடத் தொட்டி மீனில்லாமல் ஓடுவதன் காரணமும் இதுதான். மணலில் இருக்கும் கூடுகள் வெடிக்கட்டும், வந்து தேடட்டும், மீன் இருக்காது. நாங்கள் 72 நாள் எண்ணுகிறோம். கண்ணாடியில் ஒட்டிய தாளில் பிள்ளைகள் தினமும் கோடு போடுகிறார்கள். இன்று 47. தயவுசெய்து "சும்மா ஒண்டு இருக்கட்டும் சேர்" என்று யாரும் மீன் கொண்டுவர வேண்டாம். ஒரே ஒரு மீன் விழுந்தாலும் எண்ணிக்கை முதலாம் நாளுக்குப் போய்விடும்.

நேற்றிரவு அவன் உம்மாவின் போனிலிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தான். ஒரா பாசி தின்னுதாம், புள்ளி ஒன்றுமில்லையாம். கடைசியில், "சேர், 72ஐ 80 ஆக்குவமா?" என்று கேட்டிருந்தான். ஆக்குவம் என்று சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் போனால் அந்த நீல பரலில் காற்று நின்றுவிடுகிறது. பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பி யாருடைய வீட்டிலாவது சும்மா கிடந்தால் பாடசாலை வாசலில் தந்துவிடுங்கள். பழையதானாலும் பரவாயில்லை. வேறு மீன்தொட்டியில் பாவித்ததென்றால் மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள், கழுவி வெயிலில் காயவைத்த பிறகு எடுக்கிறோம்.